வெள்ளை படிந்த பக்கெட்டும் காயாத துண்டும்: பெங்களூர் பி.ஜி. தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் பி.ஜி.யிலும், நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டிலும் இருக்கும் தமிழ்த் தம்பிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் பாத்ரூம் அலமாரியில் என்னென்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம். சார்கோல் ஃபேஸ்வாஷ், பாதி தீர்ந்த பியர்டு ஆயில், வெங்காய ஷாம்பூ, பயோட்டின் மாத்திரை டப்பா, பெயர் அழிந்துபோன ஒரு க்ரீம் ட்யூப். அதற்கு நேர் கீழே ஒரு பக்கெட். அதன் உள்விளிம்பில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பொடியாக உதிரும். மேலே இருக்கும் ஐந்தில் நாலை உங்களை வாங்க வைத்தது அந்த வெள்ளைதான். ஐந்தாவதான அந்த ட்யூபுக்குக் காரணம், கதவுக்குப் பின்னால் ஆணியில் மடிந்து தொங்கும் ஈரத் துண்டு.

காலை ஐந்து மணிக்கு எழு, ஐஸ் தண்ணீரில் குளி, மாதம் ஒரு புத்தகம் படி என்று ரீல்ஸில் ஆயிரம் பேர் சொல்கிறார்கள். செய்கிறவர்கள் செய்யட்டும். ராத்திரி ஒரு மணி வரை அமெரிக்கக் கால் பேசிவிட்டு ஐந்து மணிக்கு அலாரம் வைப்பது மட்டும் வேண்டாம், அது கடன் வாங்கிப் பண்டிகை கொண்டாடுவது போல. இந்த மடல் அதைப் பற்றியது இல்லை. தினமும் உடம்பைத் தொடும் தண்ணீர், பிளேடு, துணி, பருப்பு ஆகியவற்றைப் பற்றியது.

முதலில் தண்ணீர். இந்த ஊர்க்காரர்களிடம் இதற்கு இரண்டு சொல் உண்டு: காவிரித் தண்ணீர் 'சிஹி நீரு', போர்வெல் தண்ணீர் 'உப்பு நீரு'. காவிரி சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொரேகாடனஹள்ளியிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் பம்ப் செய்யப்பட்டு வருகிறது. 2007-இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்காக 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்தைத் திறந்தார்கள். ஐ.டி. வேலைக்கு வந்தவர்கள் தங்கும் பி.ஜி.க்களில் பல இந்தப் புறப்பகுதிகளில்தான் இருக்கின்றன. காவிரி இணைப்பு வந்த கட்டடத்திலும் சம்ப்பில் காவிரி, போர்வெல், டேங்கர் மூன்றும் ஒன்றாகக் கலப்பது சகஜம். அதனால் 'எங்க பி.ஜி.ல காவேரி வருது' என்ற வார்த்தையை நம்பாமல் சோதித்துப் பாருங்கள்.

இரண்டு காலி பாட்டில் எடுங்கள். ஒன்றில் பாதியளவு கேன் தண்ணீர், இன்னொன்றில் பாதியளவு பாத்ரூம் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் குளிக்கும் சோப்புக்கட்டியிலிருந்து சீவிய துணுக்கு நாலைந்து போடுங்கள். பாடிவாஷ் போட்டால் வித்தியாசம் தெரியாது. மூடிப் பத்துத் தடவை குலுக்குங்கள். கேன் தண்ணீரில் நுரை கெட்டியாக நிற்கும். போர்வெல் தண்ணீரில் நுரை வந்த வேகத்தில் அடங்கி, தண்ணீர் திரிந்த பால் மாதிரி ஆகும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத பிசினாக மாற்றிவிடுகின்றன. உங்கள் தலையிலும் தாடியிலும் வெள்ளைச் சட்டையின் காலரிலும் தினமும் ஒட்டுவது அந்தச் சோப்புப் பிசின்தான். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை (இந்த இரண்டின் அளவு) லிட்டருக்கு 200 மி.கி.க்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. அதற்கென்று சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் கிட் தனியாக விற்கிறது.

சோதித்துப் பார்த்ததும் பலர் செய்வது, ஷவரில் மாட்டும் ஃபில்டர் வாங்குவது. பணம் போகும், தண்ணீர் மாறாது. கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 400 மி.கி. என்றால் 20 லிட்டர் பக்கெட் ஒன்றில் 8 கிராம் கடின உப்பு. அதைப் பிடிக்க ரெசின் என்ற குட்டி மணிகள் வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் தோராயமாக 50 கிராம் பிடித்ததும் நிறைந்துவிடும். பிறகு உப்புக்கரைசல் ஊற்றிக் கழுவினால்தான் மறுபடி வேலை செய்யும். கையளவு டப்பாவில் 200 மில்லி ரெசின் இருந்தால்கூட 10 கிராமோடு முடிந்தது கதை, அதாவது ஒரே ஒரு குளியல். அந்த டப்பாக்கள் பலவற்றில் ரெசினே இருக்காது. பஞ்சும் கரியும்தான். அவை மணலையும் குளோரினையும் நிறுத்தும், கால்சியம் தன் பாட்டுக்குக் கடந்து போய்விடும்.

செலவில்லாத வழி, எப்போதும் போலக் குளித்துவிட்டு, கடைசியாக ஒன்றரை லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரைத் தலையில் தொடங்கி முகம் வழியாக மெதுவாக ஊற்றிக்கொள்வது. வாரம் ஒருநாள், ஷாம்பூ போட்டு அலசியபின், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து தலையில் ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு அலசினால் படிந்த உப்பு கரையும். வினிகருக்குப் பதில் எலுமிச்சை தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், தோல் கருத்துக் கொப்பளிக்கும்.

'ஊருக்குப் போனா முடி கொட்டல, பெங்களூர் வந்தா கொட்டுது' என்று சொல்லாத தம்பி இல்லை. பாதி உண்மை. தலையணையில் கிடக்கும் முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் கடுகைவிடச் சிறிய குமிழ் இருந்தால் அது வேரோடு விழுந்தது. குமிழ் இல்லாமல் குட்டையாக இருந்தால் நடுவில் உடைந்தது. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி உடைக்கும். வழுக்கை அதனால் வருவதில்லை. நெற்றி இரண்டு பக்கமும் ஏறுவது, உச்சி மெலிவது எல்லாம் பரம்பரையும் டி.ஹெச்.டி. என்ற ஹார்மோனும் செய்யும் வேலை. அதற்குத் தண்ணீரை மாற்றியும் பயனில்லை, வெங்காயச் சாறும் உதவாது. நாளைக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது எல்லோருக்கும் உள்ளதுதான். டெங்கு, டைஃபாய்டு மாதிரி காய்ச்சல் வந்தாலோ, பட்டினி கிடந்து எடை குறைத்தாலோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் தானாகவே திரும்ப முளைக்கும்.

பரம்பரை வழுக்கைக்கு வேலை செய்யும் என்று உறுதியானவை சிலதான். 5 சதவீத மினாக்சிடில், காய்ந்த தலையில், ஒரு வேளைக்கு ஒரு மில்லியாகத் தினம் இரு வேளை. தொடங்கிய முதல் சில வாரங்களில் இன்னும் அதிகமாகக் கொட்டலாம். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது கிளம்புவதால் வரும் கொட்டல் அது. பலர் அதைப் பார்த்துப் பயந்து அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நாலு மாதமாவது ஆகும், நிறுத்தினால் சில மாதங்களில் வந்ததும் போய்விடும். ஃபினாஸ்டிரைடு மாத்திரை தோல் மருத்துவரைப் பார்க்காமல் வேண்டாம். பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அந்த மாத்திரையால் முடி வளர்ந்ததற்கு நல்ல ஆதாரம் கிடையாது. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனையின் எண்களையே தப்பாகக் காட்டும். டெஸ்டுக்குப் போகும்போது மறக்காமல் சொல்லுங்கள்.

ஷேவிங்குக்கு வருவோம். கழுத்தில் சிவந்த பருக்கள், உள்ளே சுருண்டு வளரும் முடி என்று வந்ததும் ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜுக்கு மாறுகிறீர்கள். அது இன்னும் கெடுக்கும். முதல் பிளேடு முடியைத் தூக்க, அடுத்தவை தோலுக்குக் கீழே போய் வெட்டுகின்றன. கூராக வெட்டுப்பட்ட அந்த முடி வளரும்போது வெளியே வராமல் பக்கவாட்டில் தோலைக் குத்திப் புகுந்துகொள்கிறது. சுருட்டை முடிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ஒற்றை பிளேடு சேஃப்டி ரேசர் போதும், பிளேடு விலை சில ரூபாய்தான்.

இரண்டு நாள் தாடி இருக்கும்போது விரலால் கழுத்தைத் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று போகும் திசைதான் முடி வளரும் திசை. கன்னத்தில் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் பலருக்கு மேல்நோக்கியோ, பக்கவாட்டில் சுழி போலவோ இருக்கும். முதல் இழுப்பு எப்போதும் அந்தத் திசையிலேயே. குளித்த கையோடு ஷேவ் செய்யுங்கள், முடி ஊறி இளகியிருக்கும். அரை மக் வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பாதாம் பருப்பு அளவு க்ரீம், ஈர பிரஷ், ஒரு நிமிடம் வட்டமாகச் சுற்றினால் தயிர் பதத்துக்கு நுரை வரும். போர்வெல் தண்ணீரில் இதே க்ரீம் மூன்று மடங்கு பிதுக்கினாலும் சோப்புத் தண்ணியாக ஓடும், பிளேடு வெறும் தோலில் ஓடும். ரேசரைத் தோலுக்கு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் பிடியுங்கள். அழுத்தவே வேண்டாம், ரேசரின் எடையே போதும். ஒரே இடத்தில் நுரை இல்லாமல் இரண்டாம் முறை இழுப்பதுதான் எரிச்சலுக்குப் பெரிய காரணம். முடிந்ததும் படிகாரக் கட்டியை நனைத்துத் தடவி, அரை நிமிடம் விட்டுக் கழுவுங்கள். எங்கே சுரீர் என்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். அடுத்த முறை அந்த இடத்தில் கை தானாக இளகும். நாலைந்து ஷேவுக்கு ஒரு பிளேடு. உதறிக் காயவைத்தால் போதும், துண்டில் துடைத்தால் முனை மழுங்கும். சலூனில் செய்துகொண்டால், புது பிளேடைக் கண்முன்னே பிரித்து ஒடித்துப் போடச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், ஹெபடைட்டிஸ் பி-யும் சி-யும் ரத்தம் பட்ட பிளேடில் வரும்.

இனி அந்தப் பெயர் அழிந்த ட்யூப்.

இதை யாரும் நண்பனிடம்கூடச் சொல்வதில்லை. தொடை இடுக்கில் அரிப்பு. மோதிரம் மாதிரி வட்டம், ஓரம் சிவந்து, நடு தெளிந்து. படர்தாமரை. மெடிக்கலில் தயங்கித் தயங்கிச் சொன்னால் ஒரு ட்யூப் தருவார்கள். மூன்றே நாளில் அரிப்பு நிற்கும். ட்யூபைத் திருப்பி மூலப்பொருள் வரியைப் படியுங்கள். குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் இதில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்குகிறது, அதனால் அரிப்பு நிற்கிறது. எதிர்ப்பு இல்லாத தோலில் பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. வட்டத்தின் ஓரம் கலைந்து, மருத்துவரே பார்த்ததும் சொல்ல முடியாத உருவத்துக்கு மாறிவிடும். மாதக்கணக்கில் தடவினால் இடுக்கில் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு மாதிரி கோடுகள் விழும். அந்தக் கோடுகள் முழுதாக மறையாது. 2018-இல் இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தார்கள். கடையில் கேட்டால் இன்னும் கிடைக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

தோல் மருத்துவரிடம் போங்கள். இப்போது இந்தியாவில் பரவியிருக்கும் பூஞ்சையில் ஒரு பகுதி, வழக்கமான டெர்பினாஃபினுக்கே அடங்குவதில்லை. அதனால் நண்பனுக்கு எழுதிக்கொடுத்த சீட்டு உங்களுக்கு உதவாது. மருந்தை வட்டத்தின் மேல் மட்டும் தடவாமல், ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவுங்கள். கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்தினால் அடுத்த மழையில் திரும்ப வரும். மருத்துவர் சொன்ன வாரக் கணக்கை முடியுங்கள். ரூமில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுத்தால்தான் உண்டு. இல்லையென்றால் பந்து மாதிரி மாறி மாறி வரும்.

மருந்தைவிடத் துணியில் கவனம் வேண்டும். மூன்று நாள் சேர்த்து நனைத்த ஜட்டி, பாதி காய்ந்த ஜீன்ஸ், ஜிம்மிலிருந்து வந்து அப்படியே படுத்த லைக்ரா பேன்ட். இந்த ஊரில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழை, பி.ஜி. ரூமுக்குள் கயிறு கட்டி உலர்த்துவீர்கள். மெஷின் முடிந்ததும் எடுக்காமல் ராத்திரி முழுக்க விட்டால் வரும் அந்தப் புளித்த வாடை பாக்டீரியாவினுடையது. சென்ட் அடித்தால் போகாது, திரும்பத் துவைக்கத்தான் வேண்டும். மெஷினில் ஸ்பின்னை மட்டும் இரண்டாம் முறை ஓட்டுங்கள், துணியில் தங்கிய தண்ணீர் இன்னும் கொஞ்சம் வடியும். கயிற்றில் துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விட்டு, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டு, ஃபேன் காற்று குறுக்கே போகும்படி வையுங்கள். மொட்டை மாடியில் வெயில் அடிக்கும் நாளில் உள்ளாடையும் துண்டும்தான் முதலில் ஏற வேண்டும், சட்டை நிழலிலும் காயும். படர்தாமரை இருக்கும்வரை அந்தத் துணிகளைத் தனியாக, 60 டிகிரி சுடுதண்ணீரில் துவைத்து, இடுப்புப் பட்டையையும் தையல் மடிப்பையும் இஸ்திரி போடுங்கள். துண்டு ஆளுக்கு ஒன்று, விரித்துத் தொங்கவிட வேண்டும், நாலு குளியலுக்கு ஒருமுறை துவைக்க வேண்டும். 'மச்சி, உன் துண்ட குடு' என்ற பேச்சே கூடாது.

வெள்ளைச் சட்டை ஏன் சாம்பலாகிறது என்பதற்கும் அதே சோப்புப் பிசின்தான் விடை. பவுடரை அள்ளிக் கொட்டினால் அலசிப் போகாமல் துணியிலேயே தங்கும். பவுடரைக் குறைத்து, இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா சேருங்கள். அது கால்சியத்தை முதலில் பிடித்துக்கொள்ளும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. காலர் அழுக்கு என்பது எண்ணெய்ப் பிசுக்கு. பாத்திரம் கழுவும் லிக்விடை இரண்டு சொட்டு விட்டு, கால் மணி நேரம் கழித்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போய்விடும். அக்குளில் மஞ்சள் கறைக்குக் குளோரின் பிளீச் ஊற்றாதீர்கள், இன்னும் மஞ்சளாகும். வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ் ஏறும்போது பையில் இரண்டு வார அழுக்குத் துணி அம்மாவுக்கு என்று போகிறதே, அதைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீங்களே யோசியுங்கள்.

சேர்ந்து சமைக்கிறவர்களுக்கும் இதே தண்ணீர்தான் எதிரி. துவரம்பருப்பு ஆறு விசில் விட்டும் விதை விதையாக நிற்கிறதா? கால்சியம் பருப்பின் செல் சுவரை இறுக்கிவிடுகிறது. போதாததற்குப் பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊரில் அம்மா சொன்ன நேரக் கணக்கு இங்கே பொருந்தாது. ஒரு டம்ளர் பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்று டம்ளர் ஆர்.ஓ. தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள், ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுக் குக்கரில் ஐந்து விசில். புளியும் தக்காளியும் பருப்பு வெந்தபின்தான். முன்பே புளிப்பு பட்டால் வேகத் தாமதமாகும். சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் பி1 வைட்டமின் போய்விடும்.

பருப்பு வெந்தால் புரோட்டீன் பவுடர் பற்றிய பேச்சும் பாதி முடிந்துவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 கணக்குப்படி நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 70 கிலோ ஆளுக்கு 58 கிராம். இரண்டு முட்டை 12, ஐம்பது கிராம் பருப்பு 11, ஒரு பெரிய கிண்ணம் தயிர் 6, ஒரு கை வறுத்த வேர்க்கடலை 7, முப்பது கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 6, நாள் முழுவதும் சேர்த்து 200 கிராம் அரிசி 15. கூட்டிப் பாருங்கள், 57. பி.ஜி. சாம்பாரை மட்டும் நம்பினால் இது வராது, அதில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முட்டையும் கடலையும் நீங்களே வாங்கி வையுங்கள். உண்மையாகவே எடை தூக்குகிறவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 வரை போகலாம். அப்போது ஐம்பது கிராம் சோயா சங்க் போட்டாலே 26 கிராம் கூடும். அதற்கும் மேல் தேவையென்றால் பவுடர் வாங்குங்கள்.

கடைசியாக, பி.ஜி. ஓனரிடம் கேட்க வேண்டியது. உங்கள் கட்டடத்தில் மொட்டை மாடியிலோ சம்ப்புக்குப் பக்கத்திலோ நீலமோ கறுப்போ உருளையாக ஒரு சாஃப்ட்னர், அதாவது ரெசின் வைத்துக் கடின உப்பைப் பிடிக்கும் மெஷின், நின்றுகொண்டிருக்கலாம். பக்கத்தில் இருக்கும் உப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். உப்பு இல்லாமல் காய்ந்திருந்தால், அந்த மெஷின் இருந்தும் இல்லாத மாதிரிதான். மூட்டை உப்பு வாங்கிப் போட்டு, ரெசினைக் கழுவும் நாளைக் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். நாலு பேர் சேர்ந்து போங்கள். ஓனர் 'எல்லாம் காவேரிதான்' என்பார். அப்போது வாதாட வேண்டாம், சோப்புத் துணுக்கு போட்ட அந்த இரண்டு பாட்டிலையும் அவர் முன்னால் குலுக்கி மேசைமேல் வையுங்கள்.

அன்புடன்,
இந்த ஊரிலேயே தங்கிவிட்ட சில அண்ணன்கள்